சிடி ரைட்டர் வாங்கும் முன்: பெட்டியில் உள்ள எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இப்போது புதிதாக வாங்கும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சிடி போடும் தட்டே இருப்பதில்லை. லேப்டாப்பில் அது காணாமல் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மேசைக் கம்ப்யூட்டரின் கேபினெட்டிலும் முன்பக்கம் வழவழவென்று மூடிக்கிடக்கிறது. ஆனால் ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ எடுத்தால் இன்னமும் பல இடங்களில் ஒரு சிடியைத்தான் கையில் கொடுக்கிறார்கள். கல்யாண வீடியோ அலமாரியில் டிவிடியாகக் கிடக்கிறது. பத்து வருடப் பழைய காரில் பாட்டுக் கேட்கவும் சிடி வேண்டும். ஆகவே சிடியைப் படிக்கவும் எழுதவும் செய்யும் டிரைவான ரைட்டரை வாங்கலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

2025 ஜனவரியில் சோனி வெளியிட்ட ஓர் அறிவிப்பு இந்தக் குழப்பத்தைக் கூட்டியது. வெற்று ப்ளூ-ரே தட்டுகள், மினிடிஸ்க், மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட் ஆகியவற்றின் உற்பத்தியை அந்த பிப்ரவரியோடு நிறுத்துவதாக நிறுவனம் சொன்னது. செய்தியை மேலோட்டமாகப் படித்தவர்கள் "சிடி, டிவிடி எல்லாம் முடிந்தது" என்று எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தப்பட்டது சோனியின் வெற்று ப்ளூ-ரே தட்டு. சிடி எழுதும் டிரைவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. டிரைவும் கிடைக்கிறது, காலி சிடியும் கிடைக்கிறது. தயாரிப்பவர்கள் குறைந்துவிட்டதால் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பார்த்து வாங்குவது என்றவுடன் பெரும்பாலோர் பெட்டியில் எழுதும் வேகம் 52எக்ஸா 24எக்ஸா என்று பார்க்கிறார்கள். இருப்பதிலேயே முக்கியத்துவம் குறைந்த எண் அதுதான். நீங்கள் எழுதும் சிடியை எந்தக் கருவி படிக்கப் போகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால் எந்த டிரைவ், எந்தத் தட்டு, என்ன வேகம் என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். அதற்கு முதலில் கொஞ்சம் அடிப்படை.

## சிடியில் என்ன எழுதப்படுகிறது

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982-ல் சந்தைக்கு வந்தது. விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். கடையில் விற்கும் பாட்டு சிடியில் தகவல் என்பது நுண்ணிய பள்ளங்கள். நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கிச் சுருள் சுருளாக ஓடும் ஒரே பாதையில் அவை வரிசையாக இருக்கும். பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் இந்தப் பாதை மீது விழுந்து திரும்பும்போது ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்து டிரைவ் தகவலைப் படிக்கிறது.

வீட்டில் எழுதும் சிடி-ஆரில் பள்ளம் எதுவும் கிடையாது. லேசருக்கு வழிகாட்டும் ஒரு சுருள் தடம் மட்டும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அதன் மேல் சாயம், சாயத்தின் மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கும் மேல் அரக்குப் பூச்சு, பிறகு லேபிள். எழுதும்போது லேசரின் சூட்டில் சாயம் அங்கங்கே நிலைமாறி, ஒளியைக் குறைவாகத் திருப்புகிறது. படிக்கும் கருவிக்கு அது பள்ளம் போலவே தெரியும். ஒருமுறை மாறிய சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது.

சிடி-ஆர்டபிள்யூ வேறு ரகம். அதில் சாயத்துக்குப் பதில் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் கலந்த உலோகக் கலவை. சூட்டின் அளவையும் ஆறும் வேகத்தையும் பொறுத்து அது படிகமாகவும் படிகமற்றதாகவும் மாறி மாறி வரும். அதனால் அழித்து மறுபடி எழுதலாம், ஏறக்குறைய ஆயிரம் தடவை.

வாங்குபவருக்கு இதிலிருந்து தெரிய வேண்டியவை:

1. எழுதுவது உள்ளிருந்து வெளியே. பாதி நிறைந்த சிடியில் வெளிப்பகுதி காலியாகவே இருக்கும். வேகக் கணக்குக்கு இது முக்கியம்.

2. ஒளி திரும்பும் அளவு தட்டுக்குத் தட்டு வேறு. அச்சிட்ட சிடி சுமார் 70 சதவீத ஒளியைத் திருப்பும். சிடி-ஆர் அதற்குப் பக்கத்தில் வரும். சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். பழைய பிளேயர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் "டிஸ்க் இல்லை" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

3. தகவல் இருப்பது லேபிள் பக்கம். நாம் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். அங்கே ஏறக்குறைய முழு 1.2 மில்லிமீட்டருக்கும் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யவும் முடியும். லேபிள் பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் சாயத்தின் மேலேயே எழுதுவதற்குச் சமம். டிவிடி அப்படியல்ல. 0.6 மில்லிமீட்டர் தட்டுகள் இரண்டை ஒட்டிச் செய்வதால் தகவல் நடுவில் பத்திரமாக இருக்கும்.

## 'எக்ஸ்' என்பது என்ன கணக்கு

1எக்ஸ் என்பது பாட்டு சிடி சாதாரணமாக ஓடும் வேகம். தகவலாக எண்ணினால் நொடிக்கு 150 கேபி. 80 நிமிட சிடியை 1எக்ஸில் எழுதினால் 80 நிமிடம் ஆகும். 8எக்ஸில் பத்து நிமிடம், 16எக்ஸில் ஐந்து.

அப்படியென்றால் 52எக்ஸில் ஒன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும். முடியாது. 52எக்ஸ் என்பது தட்டின் கடைசி விளிம்பில் மட்டும் எட்டும் உச்ச வேகம். டிரைவ் ஒரே சுழற்சியில் சுற்றும்போது, ஒரு சுற்றில் உள்பக்கத்தைவிட வெளிப்பக்கம் அதிக நீளம் கடந்து போகிறது. எனவே உள்பக்கத்தில் ஏறக்குறைய 20எக்ஸில் தொடங்கி, போகப் போக ஏறி, விளிம்பில்தான் 52 வரும். பாதி சிடிதான் எழுதுகிறீர்கள் என்றால் அந்த 52-ஐப் பார்க்கவே மாட்டீர்கள். தொடக்கத்தில் லேசரைச் சரிபார்க்க எடுக்கும் நேரம், முடிவில் சிடியை மூடி முத்திரையிட எடுக்கும் நேரம் இரண்டும் தனி. இவற்றையெல்லாம் கூட்டினால் 52எக்ஸ் டிரைவுக்கும் 24எக்ஸ் டிரைவுக்கும் ஒரு முழு சிடிக்கு வித்தியாசம் இரண்டு நிமிடம் போல வரும். அதற்காக ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

52எக்ஸில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. விளிம்பின் வேகம் மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும். நடுத்துளையில் விரிசல் விட்ட சிடியை அந்த வேகத்தில் ஓடவிட்டால் உள்ளேயே சுக்குநூறாகும். காகித லேபிள் சற்றுக் கோணலாக ஒட்டியிருந்தாலும் தட்டு ஆடும்.

பழைய டிரைவ்களின் முகப்பில் 52, 32, 52 என்று மூன்று எண்கள் இருக்கும். வரிசைப்படி அவை சிடி-ஆர் எழுதும் வேகம், சிடி-ஆர்டபிள்யூ எழுதும் வேகம், படிக்கும் வேகம். டிவிடிக்கான எக்ஸ் வேறு. டிவிடியின் 1எக்ஸ் நொடிக்குச் சுமார் 1.38 எம்பி, அதாவது சிடியின் 1எக்ஸைப்போல ஒன்பது மடங்கு. "டிவிடி 8எக்ஸ், சிடி 24எக்ஸ்" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து டிவிடி மெதுவாக எழுதும் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

## சிடி ரைட்டர் கேட்டால் டிவிடி ரைட்டர் வரும்

சிடி மட்டும் எழுதும் டிரைவைத் தேடி அலைய வேண்டாம். இன்று புதிதாக விற்பவை டிவிடி ரைட்டர்கள், இல்லையென்றால் ப்ளூ-ரே ரைட்டர்கள். டிவிடி ரைட்டரில் டிவிடிக்கான 650 நானோமீட்டர் லேசரும் சிடிக்கான 780 நானோமீட்டர் லேசரும் சேர்ந்தே இருக்கும். ஆகவே அது சிடியையும் எழுதும். டிவிடியில் பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்று இரண்டு ரகம் இருப்பது ஒரு காலத்தில் பெரிய தலைவலி. இப்போதைய டிரைவ்கள் இரண்டையும் எழுதிவிடும்.

கவனம் தேவைப்படுவது பழைய பொருள் வாங்கும்போதுதான். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ கழற்றி விற்கும் டிரைவ்களில் "டிவிடி/சிடி-ஆர்டபிள்யூ" என்று அச்சிட்டது கிடைக்கும். பார்த்தால் டிவிடியும் எழுதும் போலத் தோன்றும். அது காம்போ டிரைவ். டிவிடியைப் படிக்கும், எழுதாது. சிடியை மட்டும்தான் எழுதும். ப்ளூ-ரேயிலும் இதே ரகம் உண்டு: ப்ளூ-ரேயைப் படிக்கும், சிடியும் டிவிடியும் மட்டும் எழுதும்.

ப்ளூ-ரே ரைட்டர் யாருக்கு? ஒரு தட்டில் 25 ஜிபி, இரட்டை அடுக்கில் 50 ஜிபி எழுத வேண்டியவர்களுக்கு. விலை டிவிடி ரைட்டரைப்போலப் பல மடங்கு. சிடி எழுத மட்டும் அதை வாங்குவது வீண்.

இன்னொரு விஷயம், நிறுவனப் பெயர். டிரைவ் தயாரிக்கும் தொழிற்சாலைகள் வெகுசிலவே எஞ்சியிருக்கின்றன. ஹிட்டாச்சியும் எல்ஜியும் கூட்டாக நடத்தும் நிறுவனம் அவற்றில் பெரியது. முகப்பில் உள்ள பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் எந்திரம் வேறொருவர் செய்ததாக இருக்கலாம். பெயரே கேள்விப்படாத மலிவு டிரைவைவிட, உள்ளே யாருடைய எந்திரம் என்று தெரிந்த டிரைவ் மேல். கம்ப்யூட்டரில் இணைத்தபின் டிவைஸ் மேனேஜரில் உண்மையான பெயர் தெரிந்துவிடும்.

## எழுதிய சிடி எங்கே ஓடப் போகிறது

கார் ஸ்டீரியோ: முதலில் அது எம்பி3 படிக்குமா என்று பாருங்கள். முகப்பில் எம்பி3 என்று எழுதியிருந்தால் பாட்டுகளை அப்படியே தகவல் சிடியாக எழுதலாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் 700 எம்பிக்கு ஏறக்குறைய 12 மணி நேரப் பாட்டு பிடிக்கும். எழுதியிருக்கவில்லை என்றால் ஆடியோ சிடியாகத்தான் எழுத வேண்டும். 80 நிமிடம், அதிகபட்சம் 99 பாட்டு. எம்பி3-ஐ ஆடியோ சிடியாக மாற்றினால் ஒலித்தரம் கூடிவிடாது, ஏற்கெனவே போனது போனதுதான்.

ஆடியோ சிடி எழுதும்போது மென்பொருளில் இரண்டு முறைகள் இருக்கும். ஒன்று, டிராக் டிராக்காக எழுதுவது. லேசர் ஒவ்வொரு பாட்டுக்கும் நின்று நின்று போகும், இடையில் இரண்டு விநாடி மௌனம் விழும். இன்னொன்று, தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுவது. சினிமாப் பாட்டுக்கு முதல் முறையே போதும். கச்சேரிப் பதிவுக்கு அது ஒத்துவராது. ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கும் இடத்தில், தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விநாடி சட்டென்று அறுந்து போனால் கேட்கவே எரிச்சலாக இருக்கும். ஒரே மூச்சில் எழுதும் முறையையே தேர்ந்தெடுங்கள். சிடி-ஆர்டபிள்யூ கார்ப்பக்கமே போக வேண்டாம், காரணம் மேலே சொன்ன ஒளிக்கணக்கு.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள்: இதில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. தகவல் சிடியில் கோப்புப் பெயர்களை எழுதி வைக்கும் அமைப்பு மூன்று வகை. பழைய ஐஎஸ்ஓ 9660-ல் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும், அதுவும் குட்டையாக. அதன் நீட்டிப்பான ஜோலியட்டில் யூனிகோடு உண்டு, எனவே தமிழும் உண்டு. ஆனால் பெயருக்கு 64 எழுத்துதான் எல்லை. கம்ப்யூட்டர் எண்ணும் கணக்கில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனி எழுத்து. 'கல்யாணம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. ஜோலியட்டுக்கு எட்டு. ஊர், தேதி, உறவுமுறை எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்தால் சீக்கிரமே 64-ஐத் தாண்டி, பெயர் பாதியில் வெட்டுப்படும். மூன்றாவதான யுடிஎஃப் நீளமான பெயர்களை ஏற்கும், ஆனால் பழைய கார் பிளேயர்களும் டிவிடி பிளேயர்களும் பல நேரம் அதைப் படிப்பதில்லை. படித்தாலும் தமிழ் எழுத்துரு இல்லாததால் கட்டம் கட்டமாகக் காட்டும். கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கப் போகும் சிடியா, தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம். பிளேயருக்கு என்றால் எண்ணும் ஆங்கில எழுத்துமாகச் சுருக்கி வையுங்கள்.

நீதிமன்றம், அலுவலகம்: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தரும்போது ஒரு சான்றிதழைக் கேட்கிறது. சான்றிதழ்ப் படிவத்தில் சேமிப்புச் சாதனங்களின் பட்டியலில் சிடி/டிவிடிக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே இப்படிப்பட்ட சிடியை எழுதி முடித்ததும், கம்ப்யூட்டரில் உள்ள மூலக் கோப்பின் ஹேஷையும் சிடியிலிருந்து படித்த கோப்பின் ஹேஷையும் ஒப்பிட்டுவிட வேண்டும். இதற்கு ஆர் ரகத் தட்டே சரி, ஆர்டபிள்யூ வேண்டாம். (அரசு இதிலெல்லாம் மெதுவாகத்தான் நகரும். 2012-ஆம் ஆண்டின் மத்திய தகவல் உரிமை விதிகள் ஃபிளாப்பிக்கு 50 ரூபாய் கட்டணம் என்கின்றன.)

டிவியோடு இணைத்த டிவிடி பிளேயர்: விசிடியை, அதாவது வீடியோ சிடியை, நகல் எடுப்பவர்கள் விசித்திரமான ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். 700 எம்பி சிடியிலிருந்து படக் கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் 780 எம்பி காட்டும். அதே கோப்பை இன்னொரு 700 எம்பி சிடியில் எழுதப் போனால் இடம் போதாது. காரணம் இது: தகவல் சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் தகவலும், அதைக் காக்கும் பிழைதிருத்தக் குறிகள் 288 பைட் அளவுக்கும் இருக்கும். வீடியோவில் ஓரிரு புள்ளி பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் விசிடி அந்தக் காவலில் பெரும்பங்கை விட்டுவிட்டு, 2,324 பைட் வரை தகவலுக்கே கொடுக்கிறது. ஆகவே கோப்பாக இழுத்துப் போடாமல், தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுக்கும் வழியைப் பயன்படுத்த வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கிய பட டிவிடி என்றால் எந்த நாடுகளில் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் மண்டலக் குறி குறுக்கே வரலாம். இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், அதன்பின் கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். சிடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

## உள்ளே மாட்டுவதா, வெளியே இணைப்பதா

1. கேபினெட்டின் முன்பக்கம் ஐந்தேகால் அங்குலப் பொந்து இருக்கிறதா? இல்லையென்றால் பேச்சே இல்லை, யுஎஸ்பி டிரைவ்தான். புதிய கேபினெட்டுகள் பலவற்றில் அந்த இடத்தைக் காற்றாடிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

2. பொந்து இருந்தால் மதர்போர்டில் டிரைவ் இணைக்கும் சாட்டா (SATA) இணைப்பு ஒன்று காலியாக இருக்கிறதா, பவர் சப்ளையில் சாட்டா பவர் வயர் ஒன்று மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அகலமான பட்டை வயர் போடும் பழைய ஐடிஇ (IDE) ரக டிரைவ் யாராவது சும்மாவே கொடுத்தாலும் புதிய மதர்போர்டில் அதற்கு இடமில்லை.

3. இரண்டும் சரி என்றால் உள்ளே மாட்டும் பெரிய டிரைவே என் தேர்வு. கனமான உடம்பு, அதிர்வு குறைவு, மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. தேய்ந்து கீறிய பழைய சிடிகளைப் படிக்கும் விஷயத்திலும் மெல்லிய லேப்டாப் ரகத்தைவிட இதை நம்பலாம்.

4. யுஎஸ்பி டிரைவின் பலவீனம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900. தட்டு சுழலத் தொடங்கும் நேரத்திலும், லேசர் முழு வீச்சில் எழுதும் நேரத்திலும் டிரைவ் அதற்கு மேலும் கேட்கும். போதவில்லை என்றால் டிக் டிக் என்று சத்தம் வரும், டிரைவ் திரையில் தோன்றி மறையும், எழுதுவது முக்கால் பங்கில் நின்றுபோகும். பல பேர் டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டையும் மலிவான யுஎஸ்பி ஹப்பையும் விட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள 3.0 போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். இரண்டு போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத் தலை வயர் கூடவே தரும் டிரைவாக இருந்தால் இன்னும் நல்லது.

5. வீட்டில் ஏற்கெனவே பெரிய சாட்டா டிரைவ் இருந்து, அதை யுஎஸ்பிக்கு மாற்ற நினைத்தால், வெறும் மாற்று வயர் போதாது. பெரிய டிரைவின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பியில் அது கிடைக்காது. தனி அடாப்டரோடு வரும் மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

## காலி சிடி: டிரைவைவிட இதுதான் வம்பு

ஒரு காலத்தில் இந்தியாவில் காலி சிடி என்றாலே மோசர் பேயர். நொய்டாவில் இருந்த அந்த நிறுவனம் உலகிலேயே பெரிய தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்று. தமிழ்ப் படங்களை 28 ரூபாய்க்கு விசிடியாகவும் 34 ரூபாய்க்கு டிவிடியாகவும் விற்றதை இங்கே பலருக்கும் நினைவிருக்கும். 2018-ல் அது கலைப்புக்குப் போனது. சிடி-ஆரை உருவாக்கியதில் முன்னோடியான ஜப்பானின் தாயோ யூடென் 2015-ல் தட்டுத் தயாரிப்பிலிருந்து விலகிக்கொண்டது. வெர்பாட்டிம் 2019-ல் தைவானின் சிஎம்சி கைக்குப் போனது. ஆகவே பத்து வருடத்துக்கு முன் எழுதப்பட்ட "இந்தப் பெயர் நல்லது, அந்தப் பெயர் மோசம்" என்ற பட்டியலை வைத்து இன்று வாங்க முடியாது.

டிரைவுக்கும் தட்டுக்கும் உள்ள பொருத்தம் எப்படி முடிவாகிறது? சிடி-ஆரின் வழிகாட்டித் தடம் நேர்க்கோடாக ஓடாமல் லேசாக நெளிந்து நெளிந்து ஓடும். அந்த நெளிவிலேயே தட்டின் தயாரிப்பாளர் குறியீடும் அளவும் எழுதப்பட்டிருக்கின்றன. தட்டை உள்ளே தள்ளியதும் டிரைவ் அந்தக் குறியீட்டைப் படித்து, தன் உள்மென்பொருளில் அந்த ரகச் சாயத்துக்கான குறிப்பைத் தேடுகிறது: லேசருக்கு எவ்வளவு சக்தி, எவ்வளவு நேரம். பிறகு தட்டின் உள்விளிம்பில் இதற்கென்றே ஒதுக்கிய சிறு இடத்தில் எழுதிப் பார்த்துச் சக்தியைச் சரிசெய்துகொள்ளும். எழுதும்போது "பவர் கேலிப்ரேஷன்" பிழை வருகிறதென்றால், இந்தப் பரீட்சையிலேயே டிரைவ் தோற்றுவிட்டது என்று பொருள். தட்டு மோசமாக இருக்கலாம், லேசர் தளர்ந்திருக்கலாம், யுஎஸ்பி மின்சாரம் போதாமலும் இருக்கலாம். வேறொரு நிறுவனத் தட்டைப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரியும்.

எனவே ஒரேயடியாக 50 சிடி டப்பாவை வாங்கிவிடாமல், இரண்டு மூன்று நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி எழுதிப் பாருங்கள். ஒத்துப்போவதை அப்புறம் வாங்கலாம். எழுதாத சிடியிலும் சாயம் நாளாக நாளாக மங்கும்; கடையில் தூசி படிந்து கிடக்கும் பழைய சரக்கு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். எழுதியதை வெயில் படாத, ஈரம் சேராத இடத்தில், உறையில் அல்லாமல் கெட்டி டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். பெயர் எழுத வேண்டுமானால் சிடிக்கென்று விற்கும் மார்க்கர் பேனா.

எம்-டிஸ்க் என்று ஒன்று விளம்பரத்தில் வரும். சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிம அடுக்கில் எழுதுவதால் ஆயிரம் வருடம் நிற்கும் என்கிறார்கள். ஆயிரம் வருடத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பது ஒருபுறம் இருக்க, அது டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும்தான் உண்டு, சிடியில் கிடையாது. டிவிடி ரக எம்-டிஸ்க் எழுத லேசருக்குக் கூடுதல் சக்தி வேண்டும், எனவே டிரைவிலும் எம்-டிஸ்க் முத்திரை இருந்தாக வேண்டும். சிடி எழுத மட்டும் டிரைவ் தேடுபவர் இந்த முத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

## விண்டோஸ் கேட்கும் அந்தக் கேள்வி

காலி சிடியைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி காட்டும்: பென் டிரைவ் போலவா, சிடி/டிவிடி பிளேயருக்கா? பென் டிரைவ் போல என்பதுதான் பழக்கமானதாகத் தெரியும், பலரும் அதையே அழுத்துகிறார்கள். அது யுடிஎஃப் முறையில் எழுதும், தட்டை முழுதாக மூடாது. நம் கம்ப்யூட்டரில் அழகாகத் திறக்கும். காரில் போட்டால் ஒன்றுமே இல்லை என்று சொல்லும். வேறொருவர் கைக்குப் போகும் சிடி எதுவானாலும் இரண்டாவது வழியையே எடுங்கள்.

இதைவிடக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் விண்டோஸில் இம்ஜ்பர்ன் (ImgBurn), லினக்ஸில் கே3பி (K3b) ஆகிய மென்பொருள்கள். இரண்டும் இலவசம். எழுதும் வேகத்தை 16எக்ஸ் அல்லது 24எக்ஸ் என்று வைத்து, எழுதியபின் சரிபார்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். மிக மெதுவாக எழுதினால்தான் நல்லது என்று 4எக்ஸ், 1எக்ஸுக்கு இறங்குவார்கள் சிலர். இன்றைய சாயங்கள் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பல டிரைவ்கள் அவ்வளவு கீழே இறங்குவதும் இல்லை. எழுதும்போது வேறு வேலை செய்தால் சிடி பாழாகிவிடும் என்ற பயமும் பழைய கதை. தகவல் வருவது தடைப்பட்டால் லேசரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரும் நுட்பத்தை சான்யோ 2000-ல் கொண்டுவந்தது. இப்போது எல்லா டிரைவிலும் அது உண்டு.

## படிப்பதற்காகவே வாங்குபவர்கள்

வீட்டுக்கு ரைட்டர் வாங்குபவர்களில் பலருக்கு உண்மையான தேவை எழுதுவது அல்ல, பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எழுதி வைத்ததை மீட்பது என்று நினைக்கிறேன். அப்படியானால் தேர்வு இன்னும் சுலபம்: உள்ளே மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று, முடிந்தால் வேறு நிறுவனத்தின் யுஎஸ்பி டிரைவ் இன்னொன்று. ஒரு டிரைவ் திணறும் இடத்தை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடுவது சகஜம்.

கோப்புகளை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் முதல் பழுதிலேயே விண்டோஸ் நின்றுவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைப் பட்டியலிட்டு வைக்கும். அந்தப் பட்டியலோடு தட்டை இன்னொரு டிரைவில் போட்டால் விடுபட்டதை மட்டும் மறுபடி முயலும். ஸ்கேன் சிடியானாலும் கல்யாண சிடியானாலும் இப்படி முழுத் தட்டையும் ஒரே கோப்பாக எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த தடவை சிடியைத் தொடவே வேண்டியிருக்காது.

## வாங்கிய வாரமே செய்ய வேண்டிய சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்:

1. கடையில் வாங்கிய அச்சிட்ட சிடி ஒன்று, பழைய சிடி-ஆர் ஒன்று, டிவிடி ஒன்று. மூன்றையும் முழுக்கப் படிக்கவிட்டுப் பாருங்கள்.

2. ஒரு சிடி-ஆரை விளிம்பு வரை நிரப்பி எழுதிச் சரிபாருங்கள். தவறு வருவது பெரும்பாலும் வெளிவிளிம்பில்தான். 50 எம்பி எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தால் பாதிச் சோதனைகூட ஆகவில்லை.

3. அதே சிடியை வேறொரு டிரைவில் படித்துப் பாருங்கள். எழுதிய டிரைவ் தன் கையெழுத்தை எப்படியும் படித்துவிடும். பக்கத்து வீட்டு லேப்டாப்போ, அந்த சிடி கடைசியில் போய்ச் சேரப் போகும் காரோ படிக்கிறதா என்பதே கேள்வி.

4. யுஎஸ்பி டிரைவ் என்றால், டிவிடி ஒன்றையும் முழுக்க எழுதிப் பாருங்கள். மின்சாரக் குறை இருந்தால் அதில் வெளிப்பட்டுவிடும். அப்படி நின்றுபோனால், பின்பக்க போர்ட்டில் மாற்றிச் செருகி இன்னொரு தடவை முயன்ற பிறகே கடைக்காரரிடம் போங்கள்.